42,780 ரூபாயும் ஒரு நூறு பக்க நோட்டும்

என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவள் நான்காம் வகுப்புக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல குரல், ஒரு சொல் தவறவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், வாய் நாலாவது வரியில் இருந்தது, விரல் இரண்டாவது வரியில் இருந்தது. சந்தேகம் வந்து, ஒரே ஒரு சொல்லை விட்டு மற்றதை எல்லாம் கையால் மறைத்து, "இது என்ன பாப்பா?" என்றேன். பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். பிறகு பாடத்தை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்தாள். மூன்றரை வருடமாக அவள் படிக்கிறாள் என்று நான் நம்பியது அத்தனையும் மனப்பாடம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அவளை வாசிக்கவைத்தது கிரேக்கப் புராணக் கதைகளும் ஒரு நோட்டும்தான். அதற்குப் போகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை பாடப்புத்தகத்தை எவ்வளவு சரளமாகப் படித்தாலும் நம்பாதீர்கள். அவள் இதுவரை பார்க்காத ஒரு தாளைக் கொடுங்கள். மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய நாளிதழ், எதுவானாலும் சரி. படம் இருந்தால் கையால் மறைத்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதை இரண்டாம் வகுப்பிலேயே செய்திருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பள்ளியில் கேட்டதற்கு "கவனம் இல்லை, வீட்டில் படிக்க வையுங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை, வந்ததும் தூக்கம். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அக்கம்பக்கத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. "கணக்குப்பிள்ளை மகளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதாம்" என்று பேசுவார்களே என்ற பயம். யாரிடமும் கேட்காமல், நானாகவே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். செய்த முதல் காரியம் மட்டும்தான் சரியானது. அரசு மருத்துவமனையில் கண்ணைப் பரிசோதித்தேன், காதையும் பார்க்கச் சொன்னேன். குறை இல்லை. இதை யாரும் தவிர்க்க வேண்டாம். கரும்பலகை தெரியாத பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்பது பெரிய பாவம்.

அடுத்தது பண விவகாரம். மொபைலில் விளம்பரம் பார்த்து எண்ணைக் கொடுத்தேன். மறுநாளே ஒரு பையன் வீட்டுக்கே வந்து மகளை வைத்து ஒரு தேர்வு நடத்தி, "இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது அக்கா" என்றான். பயந்துபோயிருந்த நேரம். வாசிப்புச் செயலி ஒன்றுக்கு 5,000 ரூபாய் முன்பணம், மாதம் 2,000 வீதம் 12 தவணை, மொத்தம் 29,000. செயலியில் வண்ண வண்ணமாக ஆங்கில எழுத்துகள் குதித்தன. மகள் சரியான பொத்தானை அமுக்கி நட்சத்திரங்களை வாங்கிக் குவித்தாள். வாசிப்பு வரவில்லை. நிறுத்தலாம் என்று கூப்பிட்டால், ரத்து செய்யும் கெடு பதினைந்து நாளில் முடிந்துவிட்டது என்றார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. வீட்டில் வருமானம் இல்லை, இரண்டு தவணை திரும்பியது. வங்கி ஒவ்வொன்றுக்கும் 590 ரூபாய் பிடித்தது. அந்த 1,180 ரூபாய்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. அப்புறம் டியூஷன், மாதம் 600, பதினாலு மாதம், 8,400. அங்கேயும் கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைத்தார்கள். இவளுக்குத்தான் அது ஏற்கெனவே நன்றாக வருமே. நீங்கள் இப்படி எதிலாவது சேர்ந்தால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம்? பணம் வங்கியிலிருந்து தானாகப் போகுமா, நான் கட்ட வேண்டுமா? பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவர் எதிரிலேயே பணம் கட்டாதீர்கள்.

கிரேக்கக் கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு மின்வெட்டு இரவில். புழுக்கம் தாங்காமல் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். கடல் பூதக் கதை வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். பள்ளி நாளில் ஆங்கில வகுப்பில் கேட்டது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒடிசியஸ் என்று ஒரு ராஜா, பத்து வருடச் சண்டை முடிந்து படகில் ஊர் திரும்புகிறான். வழியில் ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் ஆட்களோடு மாட்டிக்கொள்கிறான். அரக்கன் பெரிய பாறையால் வாசலை அடைத்துவிட்டு ஆட்களைத் தின்கிறான். பெயர் கேட்டால் ராஜா, "என் பெயர் யாருமில்லை" என்கிறான். பிறகு அரக்கனைக் குடிக்கவைத்து, தூங்கும்போது கண்ணைக் குத்திவிடுகிறான். அரக்கன் அலறுகிறான். மற்ற அரக்கர்கள் ஓடிவந்து வெளியே நின்று, "யார் உன்னைக் குத்தியது?" என்கிறார்கள். "யாருமில்லை! யாருமில்லை குத்திவிட்டான்!" சரி, யாருமில்லை என்றால் நமக்கென்ன என்று போய்விடுகிறார்கள். இந்த இடத்தில் மகள் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கரண்ட் வந்த பிறகும் உள்ளே போகவில்லை. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று அரித்தெடுத்தாள்.

அந்த ஆசையைப் பார்த்து நான் செய்தது அடுத்த தப்பு. பளபளப்பான ஆங்கிலப் புராணப் புத்தகங்கள் நாலு, 4,200 ரூபாய்க்கு ஆன்லைனில் வரவழைத்தேன். ஒரு பக்கத்தில் முப்பது வரி. எழுத்துக்கூட்டவே வராத பிள்ளைக்கு அது மதில் சுவர். போதாததற்கு, குரோனஸ் தன் பிள்ளைகளை விழுங்கும் படம் ஒன்று முழுப் பக்கத்துக்கு இருந்தது. நாலு இரவு விளக்கை அணைக்க விடவில்லை. கிரேக்கக் கதைகளில் கொடூரம் நிறைய. பிள்ளையிடம் கொடுக்கும் முன் நீங்கள் முழுக்கப் படித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஒடிசியஸின் பயணம், தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ், மெழுகுச் சிறகு கட்டிப் பறந்த இகாரஸ், மாட்டுத்தலை அரக்கனைக் கொன்று, வழி புரியாத சுற்றுக் கோட்டையிலிருந்து நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த தீசியஸ், இவை போதும். பிரமீதியஸின் ஈரலைக் கழுகு தின்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் என் கையை விட்டுப் போனது 42,780 ரூபாய். ஒன்றரை வருடம்.

வேலை செய்தது பதினெட்டு ரூபாய் நூறு பக்க நோட்டு. ராத்திரி கதையை வாயால் சொல்வேன், அதுவும் பாதியில் நிறுத்திவிடுவேன். மறுநாள் வேலைக்குப் போகும் முன் அடுத்த துண்டை நோட்டில் ஆறே வரி, பெரிய எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதி வைப்பேன். பள்ளி விட்டு வந்ததும் அவளே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் எழுதியது, "பாறையை நகர்த்த யாராலும் முடியவில்லை. ஆனால் காலையில் அரக்கன் ஆடுகளை மேய்க்க வெளியே விட வேண்டும்." அவ்வளவுதான். நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்று, "அம்மா, ஆட்டுக்குக் கீழே தொங்கிக்கிட்டுப் போயிருவாங்களா?" என்றாள். அது நோட்டில் இல்லை. வாசித்ததை வைத்து அவளாக ஊகித்தது. நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் அங்கேயே நின்று அழுதேன்.

இதில் நான் கற்ற சில விஷயங்கள். கதையை முதலில் காதால் கேட்டுவிட்டால், வாசிக்கும்போது பிள்ளைக்குச் சுமை ஒன்றுதான், எழுத்து மட்டும். பொருள் ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறது. ஆனால் முழுக் கதையும் தெரிந்துவிட்டால் மறுபடி மனப்பாடம்தான். அதனால் பாதி காது, பாதி கண். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தட்டினால் உடனே திருத்தாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பாதித் தடவை அவர்களே சரிசெய்துகொள்வார்கள். அப்புறம், பெயர்கள். ஒரு புத்தகத்தில் ஹெராக்ளிஸ், இன்னொன்றில் ஹெர்குலிஸ். கடல் தெய்வம் ஒன்றில் பொசைடன், இன்னொன்றில் நெப்டியூன். முதலாவது கிரேக்கர் வைத்த பெயர், அடுத்தது ரோமானியர் வழங்கியது. இரண்டும் வேறு வேறு ஆள் என்று மகள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். கிரேக்கப் பெயரையே வைத்துக்கொள்வது, ஒரே எழுத்துக்கூட்டல், அதைச் சுவரில் ஒட்டுவது என்று முடிவுசெய்தோம்.

அவள் எங்கே தட்டுகிறாள் என்பதும் இந்தப் பெயர்களால்தான் பிடிபட்டது. நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். "பொ" என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது ப். அதிலும் ஒற்றைக் கொம்பும் காலும் ஒரு எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவள் "பொசைடன்" என்பதை "பெ... பா..." என்று உடைத்துக்கொண்டு தவித்தாள். கா, கி, கு எல்லாம் ஓடும், கெ வரிசை வந்தால் நின்றுவிடும். இதை எந்த டியூஷனும் கவனிக்கவில்லை. கெ, கே, கை, கொ, கோ இந்த ஐந்தை மட்டும் தனியாக எடுத்து, மெய்யெழுத்துக்குச் சிவப்பு, கொம்புக்கும் காலுக்கும் நீலம் என்று எழுதி, "சிவப்பைப் பிடி, பிறகு நீலம்" என்று மூன்று வாரம் பழக்கினேன். திறந்துகொண்டது. சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்னமும் தகராறுதான்.

தீசியஸ் கதை வந்தபோது, மகளுக்குத் தாத்தா முறையான மாமாவிடம் வலை நூல் வாங்கி, அடுப்படியிலிருந்து கட்டில் கால், கதவு, தண்ணீர்த் தொட்டி, பின்புறத் தென்னை வரை இழுத்துக் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சீட்டு. சீட்டை வாசித்தால்தான் நூலை எந்தப் பக்கம் தொடர்வது என்று தெரியும். தென்னையடியில் மாட்டுத்தலை அரக்கனுக்குப் பதில் மாமா பீடியோடு உட்கார்ந்திருந்தார். இருபத்தோரு சீட்டு வாசித்தாள் அன்றைக்கு. செலவு ஒன்றுமில்லை.

மாமா வந்து சேர்ந்த பிறகுதான் கதை எங்கள் ஊருக்கதை ஆனது. நாட்டுப்படகில் பாய் கட்டி ஓடிய மனுஷன். காற்று மூட்டைக் கதையை மகள் நோட்டைப் பார்த்து அவருக்கு வாசித்தாள். காற்றுகளின் காவலன் ஏயோலஸ் எல்லாக் காற்றையும் மாட்டுத்தோல் பைக்குள் கட்டி ஒடிசியஸிடம் கொடுத்து, மேல்காற்றை மட்டும் வெளியே விடுகிறான். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த மாமா கையை நிறுத்தினார். "மேல்காத்துன்னா கச்சான். கச்சானை மட்டும் விட்டான்னா, அவன் ஊரு கிழக்கால இருக்குத்தா" என்றார். மகள் ஓடிப்போய் என் பழைய அட்லசை எடுத்துவந்தாள். இத்தாலிப் பக்கக் கடலில் அவனை வைத்து, கிழக்கே விரலை ஓட்டினால் இத்தாக்கா தீவு. அன்றைக்குத்தான் அவளுக்கு வரைபடம் என்றால் என்னவென்று புரிந்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று மாமா சொல்லச் சொல்ல, கிரேக்கர்களின் போரியஸ், யூரஸ், நோட்டஸ், செஃபிரஸ் பெயர்களை எதிரே எழுதினாள். நாலு திசைக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது, நம்மிடமும் இருக்கிறது. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். அதையும் தானாகவே நோட்டில் சேர்த்துக்கொண்டாள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களை இதில் இழுங்கள். மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், எழுத்தெல்லாம் மறந்துவிட்டது. ஆனாலும் என்னைவிட நல்ல வாத்தியார் அவர்தான்.

வரலாறு விஷயத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். கதையை ருசியாகச் சொல்லும் ஆசையில், எது கதை, எது நடந்தது என்று பிரித்துச் சொல்லவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தனுஷ்கோடிக்குப் போனோம். இடிந்த தேவாலயச் சுவரைப் பார்த்து மகள், "பொசைடனுக்குக் கோபம் வந்து சூலத்தால் அடிச்சுட்டார், அதான் ஊரே போயிருச்சு" என்று உற்சாகமாகச் சொன்னாள். மாமா பேசவில்லை. மணலில் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி நின்றுகொண்டார். 1964 டிசம்பர் 22 இரவு அவர் அந்த ஊரில் பத்து வயதுப் பையன். தங்கச்சியை அங்கே பறிகொடுத்தவர். எனக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. நான் சொல்லிவைக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் நான் கூனிக் குறுகிப்போனேன்.

பிறகு மாமாவே வந்து உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். "யாரும் கோபப்படலத்தா. புயல் வந்துச்சு" என்று ஆரம்பித்துச் சொன்னார். அந்த இரவில் வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஆட்களோடு கடலில் போனது, பாம்பன் ரயில் பாலம் உடைந்தது, அதன் பிறகு அரசாங்கம் அந்த ஊரில் யாரும் வாழ முடியாது என்று அறிவித்தது. மகள் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, நீங்க பார்த்தீங்களா?" அடுத்தது, "ரயில் இப்ப எங்க இருக்கு?" அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரலாற்றின் இரண்டு பெரிய கேள்விகளையும் கேட்டுவிட்டாள். பார்த்தவர் யார், மிச்சம் இருப்பது என்ன.

அன்றிலிருந்து நோட்டில் ஒவ்வொரு கதைக்குப் பிறகும் மூன்று கட்டம் போடுகிறோம். கதை, நடந்தது, இன்னும் தெரியாது. ஒடிசியஸ் பத்து வருடம் சண்டை போட்ட டிராய் போருக்கு இப்படி எழுதினோம். வீரர்கள் உள்ளே ஒளிந்துகொண்ட மரக்குதிரை, முதல் கட்டத்தில். துருக்கியில் ஹிசார்லிக் என்ற மேட்டை 1870களில் ஷ்லீமன் என்பவர் தோண்டினார், ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கு ஊர் இருந்தது, அவசரத்தில் மேல் அடுக்குகள் பலவற்றை அவரே நாசமாக்கிவிட்டார், இது இரண்டாம் கட்டத்தில். கதையில் வருகிற அந்தப் போர் அப்படியே நடந்ததா, மூன்றாவது. மாட்டுத்தலை அரக்கன் கதைக்கும் அப்படித்தான். கிரீட் தீவில் 1900 முதல் எவான்ஸ் என்பவர் தோண்டிய நாசஸ் அரண்மனை, நூற்றுக்கணக்கான அறைகளோடு, இரண்டாம் கட்டத்தில். இந்தக் கட்டம் போடும் வேலையை முதல் கதையிலிருந்தே தொடங்குங்கள். நான் தாமதித்ததற்கு ஒரு கிழவர் மனம் புண்பட்டது.

கிரேக்கம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தையும் இந்தக் கடற்கரையே மாற்றிவிட்டது. வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம். தொல்லியல் துறை அங்கே 1980களிலிருந்து பல முறை தோண்டி, ரோமானியக் காசு, மதுவும் எண்ணெயும் வந்த இரட்டைப்பிடி ஜாடியின் உடைசல், கப்பல் கீறிய பானை ஓடு எல்லாம் எடுத்திருக்கிறது. ராமநாதபுரம் அரண்மனையில் அருங்காட்சியகமாக இருக்கும் ராமலிங்க விலாசத்துக்கும் கூட்டிப்போனேன். நம் சங்கப் பாட்டில் யவனர் என்று வருவது இந்தக் கிரேக்க, ரோமானியக் கப்பல்காரர்கள்தான். கிரேக்கர் வாழ்ந்த அயோனியா என்ற பகுதிப் பெயரிலிருந்து வந்த சொல். "அப்ப ஒடிசியஸ் ஊர்க்காரங்க இங்க வந்தாங்களா?" என்றாள். ஒடிசியஸ் முதல் கட்டம், அவன் பாஷை பேசியவர்கள் இரண்டாம் கட்டம் என்று அவளே பிரித்து எழுதினாள்.

"நம்ம சாமி கதை இல்லையா, அந்நியக் கதை எதுக்கு?" என்று சொந்தத்தில் கேட்டார்கள். நம் கதைகளும் சொல்கிறேன். ஆனால் இது ராமேஸ்வரம் தீவு. இங்கே ஒவ்வொரு தீர்த்தமும் யாரோ ஒருவரின் நம்பிக்கை. பக்கத்து வீட்டில் கும்பிடும் ஒன்றைப் பற்றி ஒரு சின்னப் பிள்ளை "இது நடந்ததா?" என்று உரக்கக் கேட்டால் மனம் நோகும். கிரேக்கரின் பெரிய சாமி ஸீயஸை இந்தக் கரையில் யாரும் கும்பிடுவதில்லை. கேள்வி கேட்டுப் பழக அந்தத் தூரம் உதவுகிறது. பழகிய பிறகு எந்த இடத்தில் எப்படிக் கேட்பது என்ற பக்குவம் தானாக வரும் என்று நம்புகிறேன்.

இப்போது ஆறாம் வகுப்பு. தமிழ் வாசிக்கிறாள், கொஞ்சம் மெதுவாக. ஆங்கிலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம், அந்த 4,200 ரூபாய்ப் புத்தகத்தில் படத்துக்குக் கீழே உள்ள ஒற்றை வரிகள் மட்டும். எல்லாப் பிள்ளைக்கும் இதே வழி பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து மாதம் ஒழுங்காகப் பழக்கியும் எழுத்து மனதில் நிற்கவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், வெட்கப்பட்டு என்னைப் போல நாளைக் கடத்த வேண்டாம்.

போன வாரம் தனுஷ்கோடியைப் பற்றி அவளாகவே ஒரு பக்கம் எழுதி மாமாவுக்கு வாசித்துக் காட்டினாள். "பெரிய அலை வந்து அடித்தது" என்று வந்ததும் மாமா கையை உயர்த்தினார். "அலை இல்லத்தா. தண்ணி ஏறி வந்துச்சு. சத்தமே இல்லாம வீட்டுக்குள்ள ஏறி வந்துச்சு." ரப்பரால் அந்த வரியை அழித்தாள். பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, ஏறிக்குச் சின்ன ரியா, பெரிய றியா?" என்று கேட்டாள்.